பெரிய எண், சின்னக் குண்டு

சூப்பர்வைசர் இரண்டு சின்னத் தகரப் பேணிகளைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தபோது, நான் என் புட்டுப் பெட்டியை மூடிவிட்டேன். மேலே இருக்கிறவர் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டு வந்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பேணிகளைத் திறந்தார். இரண்டுக்குள்ளும் ஈயக்குண்டுகள். இடுப்புச் சிறுத்து, பின்பக்கம் பாவாடை விரித்த மாதிரி இருந்தன. ஒன்றில் மிளகளவு. மற்றதில் அதைவிடக் கொஞ்சம் பெரிது.

நகரத்துக்கு வடக்கே அவருக்குக் கொஞ்சம் காணி இருந்தது. ஆப்பிள் கன்றுகள் நட்டிருந்தார். பனிக்காலத்தில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் முயல்கள் வந்து கன்றுகளின் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிடுமாம். அப்படிக் கடித்தால் கன்று பட்டுப்போகும். அவருடைய பழைய எயார் ரைபிளின் சுருள்வில் உடைந்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். நூற்றெழுபத்தேழு வாங்குவதா, இருபத்திரண்டு வாங்குவதா? துவக்கின் குழல் என்ன அளவோ அந்த அளவுக் குண்டுதான் அதற்குள் போகும், ஒன்றின் குண்டு மற்றதற்கு உதவாது, ஆகவே முதலிலேயே முடிவெடுக்க வேண்டும் என்றார்.

இதில் நூற்றெழுபத்தேழுதான் சின்னக் குண்டு என்று அவர் சொன்னபோதே எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய எண்ணுக்குச் சின்னக் குண்டு, சின்ன எண்ணுக்குப் பெரிய குண்டு. எண்ணுக்கு முன்னால் ஒரு புள்ளி இருக்கிறது, அங்குலத்தில் அது தசமம் என்று விளக்கினார். எனக்கு விளங்கியது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.

மேசையில் ஒரு போர்த்துக்கேயரும் ஒரு போலந்துக்காரரும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னையும் பக்கத்தில் இருந்த என் மச்சானையும் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தமிழனைக் கண்டதும் துவக்கைப் பற்றி ஏன் கேட்க வேண்டும்?

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு களஞ்சியத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே ஷிப்டில் பெட்டி அடுக்கினோம். நான் கனடியக் குடிமகன் ஆகிவிட்டேன். மச்சான் வந்து ஒரு வருடம்தான். அவனுடைய அகதி வழக்கு விசாரணைக்குத் தவணை வந்திருந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் ஆயுதம் தொட்டதில்லை என்று அவன் சொல்லி, வக்கீல் அதை எழுதிக் கொடுத்திருந்தார். அது உண்மை என்று சொல்ல வேண்டிய சாட்சி நான். வழக்குத் தோற்றால் அவனைத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

"எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லிவிட்டு, மச்சானை உதைக்க மேசைக்குக் கீழே கால் நீட்டினேன். அகப்பட்டது போர்த்துக்கேயரின் கால்.

மச்சான் அதற்குள் ஒரு குண்டைக் கையில் எடுத்துவிட்டான். அதன் பாவாடை விளிம்பு நெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மேசையில் உருட்டிப் பார்த்தான். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னான்: முயலுக்கு இருபத்திரண்டு. சின்னது உள்ளே போய் மற்றப் பக்கத்தால் வெளியே வந்துவிடும், முயல் ஓட்டையோடு ஓடும். பெரியது உள்ளே நிற்கும். பட்ட இடத்திலேயே முயல் விழ வேண்டும்.

சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். "நீ சுட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். மச்சான் குனிந்து சாப்பிட்டான். சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போகிறேன், நீங்கள் இருவரும் கட்டாயம் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பேணிகளோடு போனார். மூடிய புட்டுப் பெட்டியை நான் பிறகு திறக்கவில்லை.

பார்க்டேலில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள் வைத்துக் கேட்டேன்.

"ஆர் உனக்கு உதெல்லாம் சொல்லித் தந்தது?"

"ஊரிலை எல்லாருக்கும் தெரியும்தானே, அத்தான்."

"எனக்குத் தெரியாது. நானும் ஊரிலைதான் பிறந்தனான்."

"நீங்கள் ரவுணுக்குள்ளை, கடைத்தெருவிலை இருந்தனீங்கள்."

"உவர் ஏன் எங்களிட்டைக் கேட்டவர் எண்டு யோசிச்சனியே? உவர் இமிகிரேசனுக்குக் கதை குடுக்கிற ஆளாயிருந்தால்?"

"பாவம் அத்தான் அந்தாள். முயலாலை கன்று சாகுது எண்டு அழுகுது."

அவன் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நான் சூப்பர்வைசரைச் சந்தேகிப்பதை அந்த நெடுஞ்சாலையிலேயே பாதி விட்டுவிட்டு மச்சானைச் சந்தேகிக்கத் தொடங்கினேன். அவனைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்? என் மனைவி கனடாவுக்கு வரும்போது அவன் அரைக்காற்சட்டை போட்ட பெடியன். டொரண்டோவில் வந்து இறங்கியபோது மீசை வைத்த ஆள். இடையில் போன வருடங்களுக்கு ஒரு கதைதான் இருந்தது: குடும்பம் இடம்பெயர்ந்து வன்னியில் ஒரு சொந்தக்காரரின் காணியில் இருந்தது, அங்கே ஐயா நெஞ்சுவலியில் செத்துப்போனார், பிறகு அம்மாவும் அவனும் கொழும்புக்கு வந்தார்கள். அவ்வளவுதான். ஒரு கேள்வி கூடக் கேட்டால் அவனுக்கு வேறு வேலை வந்துவிடும்.

இன்னொன்றும் என் மனதில் கிடந்தது. என் மனைவி தன் தகப்பனின் திவசத்தை ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். வாழையிலை கிடைக்காத வருடம் ஒரு கடை மிச்சமில்லாமல் அலைந்தாள். தம்பி வந்த முதல் வருடம், பெத்த மகன் படைக்கப் போகிறான் என்று அவளுக்கு ஒரே சந்தோசம். அவன் அன்றைக்கு ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். திரும்பி வந்தும் அந்தச் சோற்றைத் தொடவில்லை. பசியில்லை என்றான். தகப்பனுடைய படையலைத் தொடாத மகனை நான் கண்டதில்லை.

காருக்குள் கதைத்த அன்றே பின்னேரம் குசினியில் மனைவியிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

"உம்மடை தம்பி இயக்கம் கியக்கத்திலை இருந்தவனோ?"

அவள் கறிக்கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினாள். "உங்களுக்கு ஆரைத்தான் சந்தேகம் இல்லை? உங்கடை நிழலைக் கண்டாலும் ஐடி கேட்பியள்."

"குண்டைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியுது. உங்கடை வீட்டிலை எயார் ரைபிள் இருந்ததே?"

"எங்கடை வீட்டிலை குருவி அடிக்க ஒரு கெற்றப்போலும் இருந்ததில்லை. ஐயாவுக்கு எறும்பை நசுக்கவே மனம் வராது."

அது அவனுக்குச் சாதகமான பதில் இல்லை என்று அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். கறியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். எனக்கு அவளை நினைக்கக் கவலையாக இருந்தது. எஞ்சியிருக்கிற ஒரே சகோதரம் அவன்.

சனிக்கிழமை போகாமல் விட்டால் அதுவே சந்தேகம் ஆகிவிடும். ஆகவே போனோம். ஆனால் போகிற வழியில் மச்சானுக்கு நான் வகுப்பே எடுத்தேன். கடையில் ஒன்றுமே தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டும். துவக்கை இன்றைக்குத்தான் முதன்முதலில் காண்கிறவன் மாதிரி. எதைக் காட்டினாலும் "இது என்ன?" என்று கேட்க வேண்டும். உலகத்தில் வேறு எந்தச் சனம் இப்படி ஒரு ஒத்திகை பார்த்துக்கொண்டு கடைக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான்.

கடைச் சுவரெல்லாம் மான்தலை. கடைக்காரர் கவுண்டரில் இரண்டு எயார் ரைபிள்களை வைத்தார். இந்த வலுவில் உள்ளதற்கு ஆயுதப் பத்திரம் தேவையில்லை, வேட்டை அனுமதி மட்டும் வேண்டும், அது தன்னிடம் இருக்கிறது என்று சூப்பர்வைசர் எங்களுக்குச் சொன்னார். பிறகு மச்சானைப் பார்த்து, "எடுத்துப் பார்" என்றார்.

மச்சான் என் முகத்தைப் பார்த்தான். துவக்கைத் தலைகீழாகத் தூக்கினான். குழல் வாயைக் கண்ணில் வைத்து, தொலைநோக்கியால் பார்ப்பதுபோல உள்ளே பார்த்தான். பார்த்துக்கொண்டே விசையில் விரலைப் போட்டு, "இது என்ன?" என்று கேட்டான்.

கடைக்காரர் கத்திய கத்தில் கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். கவுண்டரைச் சுற்றி ஓடிவந்து துவக்கைப் பறித்தார். குழலுக்குள் கண்ணை வைக்கிறவன் என் கடைக்குள் நிற்கக்கூடாது என்று சொன்னார். மச்சான் சுவரோரம் போய் நின்றான். ஒன்றும் தெரியாதவனாக நடிக்கச் சொன்னேனே தவிர, இப்படிச் சாகப் பார்க்கச் சொல்லவில்லை.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் குண்டின் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அதே ஆள்தானா என்று யோசிக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பார்வை எனக்கு நல்ல பழக்கம். காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடியில் காண்கிற பார்வை.

அதன் பிறகு அவர் மச்சானிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதைத்தான் கேட்டார். வலுக் குறைந்த துவக்கு, ஆகவே சின்னக் குண்டுதான் நேராகப் போகும். பெரியது போகப்போகத் தாழும். கிட்ட நின்று தலையில் சுட்டால் சின்னதே போதும். நூற்றெழுபத்தேழு வாங்கினார். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் மைத்துனன் ஊரில் என்ன செய்தான் என்று கேட்டார். மாணவன் என்றேன். "ஆ" என்றார். அந்த "ஆ" எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் தன் காணிக்கு எங்களைக் கூப்பிட்டார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுக்க முன் மச்சான் வருகிறோம் என்று சொல்லிவிட்டான்.

முழங்கால் வரை பனி. கன்றுகள் வரிசையாக நின்றன. பலவற்றில் பட்டை உரிந்து உள்மரம் மஞ்சளாகத் தெரிந்தது. மனுசன் பொய் சொல்லவில்லை என்பதைக் கண்டதும் எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வேலியோரம் ஒரு முயல் குந்தியிருந்தது. அவர் மெல்ல நெருங்கி, முழங்காலில் நின்று சுட்டார். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. முயல் துள்ளி விழுந்தது. எழும்பி ஓடியது.

பனியில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். அவர் ஏதோ தூசணம் சொன்னார். பற்றைக்குள் போய்விட்டது, இனி அகப்படாது, எங்காவது கிடந்து சாகும் என்றார். மச்சான் அவர் சொல்லி முடிக்க முன் நடக்கத் தொடங்கிவிட்டான். நான் பின்னால் ஓடினேன். கையுறையும் போடவில்லை, கூப்பிடவும் திரும்பவில்லை. புள்ளிகளைப் பார்த்துப் பார்த்துப் போனான். வெட்டிக் குவித்த கொப்புகளுக்குக் கீழே முயல் கிடந்தது. வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கையை விட்டு அதை எடுத்து, ஒரு திருகில் முடித்தான்.

அந்தத் திருகலைப் பார்த்ததும் இனிப் பொறுக்க முடியாது என்று நேராகவே கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. இயக்கத்திலை இருந்தனியோ?"

"இல்லை, அத்தான்."

"அப்ப இந்தக் கை ஆரின்ரை கை?"

அவன் முயலைப் பனியில் வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே இருந்தான். எனக்குச் சொல்கிற மாதிரியே இல்லை. முயலைப் பார்த்துத்தான் சொன்னான்.

"வன்னியிலை சாப்பாட்டுக்கு ஒண்டும் இல்லை. அம்மாவுக்கு வேற காய்ச்சல் வருத்தம். ஐயாதான் ஒரு பழைய எயார் ரைபிள் வாங்கினவர். எறும்பு நசுக்காத ஐயா. அவருக்குச் சுடத் தெரியாது, நான்தான் சுடுறனான். சின்னக் குண்டுத் துவக்கு. பெரிசு வேணும் எண்டு நான் சண்டை பிடிச்சனான். சின்னதெண்டால் இறைச்சி பழுதாகாது எண்டிட்டார். ஒருநாள் முயல் ஒண்டுக்கு அடிச்சன். இப்பிடித்தான், பட்டும் சாகேல்லை. விட மனமில்லாமல் பின்னாலை போனன். கனதூரம் போனன். அந்த நேரம் பாத்து வீட்டைச் சுத்தி வளைச்சிட்டினம்."

"ஆர்?"

"ஆரெண்டால் என்ன. துவக்கோடை வந்தவை. சோதிச்சிருக்கினம். ஐயாவின்ரை சேட்டுப் பொக்கற்றுக்கை குண்டுப் பேணி. இந்தக் குண்டுக்கு உரிய துவக்கு எங்கை எண்டு கேட்டிருக்கினம். மகன் கொண்டு போயிட்டான் எண்டு சொன்னால் என்னைத் தேடி வருவினம். துவக்கு இல்லை எண்டிருக்கிறார். குண்டு இருக்கு, துவக்கு இல்லையோ எண்டு வாகனத்திலை ஏத்திக்கொண்டு போனவை."

"பிறகு?"

"பிறகு இல்லை. போகாத முகாம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. அக்கா அப்ப பிள்ளைத்தாச்சி. அதாலை அம்மா போனிலை நெஞ்சுவலி எண்டு சொன்னவ. செத்த நாள் எண்டு ஒரு திகதியையும் சொல்லிவிட்டா. அக்கா அந்த நாளுக்குத் திவசம் செய்யத் தொடங்கிட்டா. பிறகு எப்பிடிச் சொல்லுறது? நான் அந்தச் சோத்தை எப்பிடித் தின்னுறது, அத்தான்? பெரிய குண்டெண்டால் முயல் அந்த இடத்திலையே விழுந்திருக்கும். நான் வீட்டை இருந்திருப்பன். என்னை ஏத்தியிருப்பினம்."

சந்தேகப்படுவதற்கு நான் எத்தனையோ கதை கட்டி வைத்திருந்தேன். அதில் ஒன்றில்கூட என் மாமனார் வரவில்லை.

சூப்பர்வைசர் மூச்சு வாங்கி வந்து சேர்ந்தார். முயலையும் மச்சானின் சிவந்த கைகளையும் பார்த்தார். தன் கையுறைகளைக் கழற்றி அவனிடம் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டுதான் வாங்கியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். அவர் இமிகிரேசனுக்குக் கதை கொடுக்கிற ஆள் இல்லை என்று அன்றைக்கு ஓரளவுக்கு நம்பினேன்.

வக்கீலிடம் அவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டு வக்கீல் தலையில் கை வைத்தார். வழக்கே இதுதான், இதை மறைத்துவிட்டு ஆயுதம் தொடவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறானே, விசாரணையில் அவன் வாயாலேயே முழுவதையும் சொல்ல வேண்டும் என்றார். மச்சான் ஒரே பிடியாக நின்றான்.

"சொல்லுறன். அக்கா அங்கை இருக்கக்கூடாது."

மனைவியை வீட்டில் நிறுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. குளிர் என்றேன், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றேன், உள்ளே விடமாட்டார்கள் என்றேன். அவள் சீலையை உடுத்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்ரை தம்பியின்ரை கேஸ். ஏன் என்னை வேண்டாம் எண்டுறியள்? என்னத்தை ஒளிக்கிறியள்?"

சந்தேகம் என் மனைவிக்கும் வரும் என்று நான் அதுவரை யோசித்துப் பார்க்கவில்லை.

சாட்சி என்பதால் என்னை வெளியே இருத்திவிட்டார்கள். அவள் உள்ளே போய்விட்டாள். மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நடைபாதையில் இருந்தேன். உள்ளே அவன் சொல்கிறானா, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டானா என்று தெரியவில்லை. சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவனை அனுப்பிவிடுவார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை.

கதவு திறந்து முதலில் வந்தவள் என் மனைவி. கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப நான் இவ்வளவு வருசமும் ஆருக்குப் படைச்சனான்?"

பின்னால் வந்த வக்கீல், ஏற்றுக்கொண்டார்கள், அங்கேயே சொல்லிவிட்டார்கள் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் மச்சான் வந்தான். அக்காவுக்குக் கிட்ட வராமல் எட்டத்தில் நின்றான். அவள்தான் போய் அவன் கையைப் பிடித்தாள். வீடு வரும் வரை விடவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கதிரையை இழுத்துச் சுவரோரம் போட்டாள். சுவரில் ஐயாவின் படம், அதில் பிளாஸ்டிக் மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, மேலே எந்நேரமும் எரிகிற சின்னச் சிவப்பு மின்குமிழ். கதிரையில் ஏறினாள். தம்பி ஓடிவந்து கதிரையைப் பிடித்தான். மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். குமிழை அணைத்தாள். சீலைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த பொட்டைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

"செத்தது எண்டு ஆர் கண்டது? உயிரோடை இருக்கிற மனிசனுக்கு மாலையைப் போட்டு வைச்சிருக்கிறன். நாளைக்கு வந்து நிண்டு, ஏன் பிள்ளை எனக்கு இப்பிடிச் செய்தனீ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுவன்?"

அப்போதுதான் அழுதாள்.

நான் எதையும் இலேசில் நம்புகிறவன் இல்லை. அவர் இனி வருவார் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் கதிரை ஆடியது. மற்றப் பக்கத்தால் போய் நானும் பிடித்துக்கொண்டேன்.